டைனோசர் ஊரில் இரண்டு நாள்... லாட்ஜ் தேடிய கதை!

"அத்தை, உங்க ஊர்ல நிஜ டைனோசர் இருக்காமே?"

போனில் இப்படிக் கேட்டவன் என் தம்பி மகன். ஒன்பது வயது. சென்னையில் நாலாம் வகுப்பு படிக்கிறான். முறைக்கு எனக்கு மருமகப்பிள்ளை!

"இருந்துச்சுடா கண்ணு. இப்ப எலும்புகூட மிச்சமில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. போனை வாங்கிப் பேசிய தம்பி மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். அவன் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போனார்களாம். இவனை மட்டும் "வேண்டாம்மா, எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்களாம். போய் வந்த பிள்ளைகள் அங்கே நின்ற பிளாஸ்டிக் டைனோசர் முன்னால் எடுத்த போட்டோவைக் காட்டக் காட்ட, இவனுக்கு அழுகை. "எங்க அத்தை ஊர்ல நிஜமாவே இருக்கு" என்று சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

ஏன் அவனை மட்டும் விட்டார்கள் என்று கேட்பீர்கள். அவனுக்கு முதல் வகை சர்க்கரை நோய். எட்டு மாதம் முன்பு கண்டுபிடித்தார்கள். தினமும் நாலு தடவை இன்சுலின் ஊசி, ஏழெட்டு தடவை விரல் நுனியில் குத்தி ரத்தப் பரிசோதனை. "மிட்டாய் நிறைய குடுத்து வளர்த்தீங்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வாசகிகளே, தயவுசெய்து இப்படி யாரையும் கேட்காதீர்கள். குழந்தைகளுக்கு வரும் இந்த வகை, இனிப்பு தின்பதால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகை என்று நினைத்து அழித்துவிடுகிறது. பெற்றவள் செய்த தப்பு இதில் எதுவுமில்லை.

அந்த எட்டு மாதமும் அவர்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரவில்லை. "ஊசி மருந்து கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது அண்ணி, நடுவழியில மயக்கம் வந்தா?" என்பாள் தம்பி மனைவி. அவள் பயம் நியாயமானதுதான். ஆனாலும் போனில் அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதும் என் மனசு கேட்கவில்லை. "அரையாண்டு லீவுக்கு இங்க வாங்க. எங்க ஊர் பார்க்கை நான் காட்டறேன். ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது!

எங்கள் ஊர் அரியலூர். வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்ட்டும் லாரியும்தான் தெரியும். கொஞ்சம் வயதானவர்களுக்கு 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்தும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததும் ஞாபகம் வரும். ஆனால் பூமியைப் படிக்கிறவர்களுக்கு இது வேறு ஊர். பல கோடி வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். கடல் உள்ளே வந்ததும் பின்வாங்கியதுமாக எத்தனையோ யுகம் போயிருக்கிறது. 1862-ல் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இங்குள்ள பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் நிலவியல் படிக்கிறவர்களும் கல்லங்குறிச்சி, நின்னியூர் என்று நம் கிராமத்துப் பேர்களைச் சொல்கிறார்கள். கல்லங்குறிச்சி என்றால் நமக்கு கலியுக வரதராஜப் பெருமாள். அவர்களுக்கு அங்கே கிடைக்கும் சிப்பிப் பாறை! நம் வீட்டுச் சுவரைப் பூசிய சிமெண்ட்டுக்கு எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்தான் மூலம் என்றால், அது ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த சிப்பியும் கிளிஞ்சலும்தான்.

டைனோசரும் கட்டுக்கதை இல்லை. கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த பெரிய பெரிய எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் ஒரு புது டைனோசருக்கே பேர் வைத்தார்கள். 'புருகத்காயோசாரஸ்', அதாவது பெரிய உடம்புக்காரன். உலகத்திலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். சிலர், "அது எலும்பே இல்லை, கல்லாகிப் போன மரமாக இருக்கும்" என்று சந்தேகப்பட்டதும் உண்டு. எலும்பை எடுத்துவைத்துத் தீர்ப்பு சொல்லலாம் என்றால், அந்த எலும்புகள் பொடிந்து அழிந்தே போய்விட்டனவாம். நான் போனில் "எலும்புகூட மிச்சமில்லை" என்று சொன்னது இதைத்தான்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன்.

முதலில் எப்போது போவது? எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெட்டவெளியில் சுற்றினால் பெரியவர்களுக்கே மயக்கம் வரும். அந்த வெயில் இன்சுலினுக்கும் ஆகாது. டிசம்பர் கடைசி வாரம், அதாவது மார்கழியில் வரும் அரையாண்டு லீவு, பல விதத்தில் தோது. இளங்குளிர். கரைவெட்டி ஏரியில் பறவைகள் வந்திருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், மார்கழியில் முகூர்த்தம் கிடையாது! இதை ஏன் சொல்கிறேன் என்றால், சின்ன ஊர்களில் லாட்ஜ் அறைகள் நிரம்புவது கல்யாணத்தால்தான். தை, வைகாசி, ஆவணியில் வளர்பிறை முகூர்த்த நாளாகப் பார்த்துப் போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை அறையையும் எடுத்திருப்பார்கள். விடிய விடிய மேளமும் மைக்கும் வேறு. ஊருக்குக் கிளம்புமுன் தினசரி காலண்டரைப் பாருங்கள். மார்கழியிலும் ஐயப்ப பக்தர்கள், மேல்மருவத்தூர் போகிறவர்கள் வண்டி வண்டியாக நெடுஞ்சாலையில் வருவார்கள். அதனால் பத்து நாள் முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.

அடுத்தது எங்கே தங்குவது? இதில்தான் வீட்டில் ஒரு பூகம்பமே வந்தது.

"ஊர்ல அத்தை வீடு இருக்கறப்ப லாட்ஜிலயா தங்குவாங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று என் மாமியார் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் எங்கள் வீடு இரண்டே அறை. நாங்கள் ஐந்து பேர். வருகிறவர்கள் தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பியின் மாமியார் என்று ஐந்து பேர். தம்பியின் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தில் இருப்பதோ குத்துக்காலிட்டு உட்காரும் பழைய கக்கூஸ். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு சர்க்கரை பார்க்க விளக்கைப் போட்டால் பத்து பேரும் எழுந்து உட்கார வேண்டும். இதையெல்லாம் மாமியாரிடம் விளக்கினேன். "எப்படியோ போங்க" என்றார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தங்க மூன்று ஊர் இருக்கிறது. திருச்சியில் தங்கினால் வசதியான ஓட்டல்கள் ஏராளம். ஆனால் பெரம்பலூருக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும், திரும்பவும் போக வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் பாதி வண்டியிலேயே போய்விடும். பெரம்பலூர், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் காரிலும் பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். சாத்தனூர் கல்மரத்துக்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கும் அங்கிருந்து கிட்டம். ஆனால் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எங்களவர்கள் ரயிலில் வருவதாக இருந்ததால் அரியலூர் என்று முடிவு செய்தேன். கையெட்டும் தூரத்தில் என் வீடு இருக்கும். 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. நோயுள்ள பிள்ளையோடு போகிறவர்கள் ஆஸ்பத்திரி எங்கே என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் ஓட்டலைப் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை என் கணவரோடு அவருடைய மொபெட்டில் ஏறி மூன்று லாட்ஜுகளை நேரிலேயே போய்ப் பார்த்தேன். போனில் கேட்டால் எல்லாரும் எல்லாமே இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "அறையைப் பார்க்கணும்" என்று சொன்னதும் ஒரு இடத்தில் மானேஜர், "இதென்னம்மா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி?" என்றார். "ஆமாம், அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்!

நான் முதலில் போய் நின்றது குளியலறையில். மேற்கத்திய கக்கூஸ் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழ ஏதாவது இருக்கிறதா, தரை வழுக்குமா என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். ஒரு லாட்ஜில் வழவழவென்று பளிங்கு மாதிரி டைல்ஸ். பார்க்க அழகு, முழங்கால்காரர்களுக்கு எமன். இன்னொன்றில் லிஃப்ட் இல்லை, கீழ்த்தள அறை ஒன்றே ஒன்று, அதுவும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். சாலையைப் பார்த்த அறைகளில் ராத்திரி முழுக்க லாரிச் சத்தம் கேட்கும். எங்கள் ஊரில் இது பெரிய பிரச்னை. உள்பக்கத்து அறையாகக் கேட்டேன். தலையணை உறையை முகர்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாடகைக் கணக்கு 24 மணி நேரமா, அல்லது பகல் 12 மணிக்கு 12 மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி வந்து சேர்கிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குதான் லாபம். பெரியவர்கள் எல்லாருடைய ஆதார் அட்டையும் கேட்பார்கள், பாட்டியுடையதை மறந்துவிடாதீர்கள்.

காலை டிபன் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். எட்டரைக்கு மேல்தான் என்றார்கள். இன்சுலின் போடும் பிள்ளைக்கு அது சரிப்படாது, காலை இட்லி நானே கொண்டு வருவது என்று வைத்துக்கொண்டேன். கடைசியாகக் கேட்டது, "ஃபிரிட்ஜ் இருக்கா? மருந்து வைக்கணும்." "தாராளமா வைக்கலாம்மா, ஓட்டல்ல பெரிய ஃபிரிட்ஜே இருக்கு" என்றார்கள். நான் அங்கே ஏமாந்தேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள், அந்த ஃபிரிட்ஜை மட்டும் பார்க்கவில்லை!

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1921-ல் கனடாவில் டொரண்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஊசி போட்டுக்கொண்டவன் பதினாலு வயதுப் பையன். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. பான்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. அதைத்தான் உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அன்று குழந்தைகள் தினம்!

பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருப்பதை, அறைச் சூடு அதிகமில்லாவிட்டால் வெளியிலேயே வைத்து ஏறக்குறைய நாலு வாரம் வரை உபயோகிக்கலாம். ஒவ்வொரு மருந்துக்கும் கொஞ்சம் மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள், டாக்டரையும் கேளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. அதே மாதிரி உறைந்துபோகவும் கூடாது. ஒரு தடவை உறைந்தால், உருகிப் பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் அது வேலை செய்யாது, தூக்கித்தான் போட வேண்டும். பயணத்தில் ஐஸ் கட்டியில் நேராகப் படும்படி வைக்காமல் துணி சுற்றி வைப்பது இதனால்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் மணல், மணலுக்கு இரண்டு வேளை தண்ணீர். உள்பானையில் பிளாஸ்டிக் டப்பாவில் மருந்து. நம் பாட்டி தண்ணீர் குளிர வைத்த அதே வித்தைதான். ஃபிரிட்ஜ் அளவு குளிராது, ஆனால் வெளிச்சூட்டுக்கு எவ்வளவோ மேல்.

பல்லவனில் வந்து இறங்கினார்கள். நேரே எங்கள் வீடு. சாப்பாடு முடிந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, "மருந்துல பாதியை இங்க என் ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டுப் போ" என்றேன். "அதான் லாட்ஜ்ல இருக்குன்னீங்களே அண்ணி" என்றாள். "ரெண்டு இடத்துல இருந்தா தப்பில்லை" என்றேன். பணத்தை ஒரே முடிச்சில் முடியாதே என்று என் அம்மா சொல்வது அப்போது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு இட்லித் தூக்கோடு லாட்ஜுக்குப் போனேன். "ராத்திரி குடுத்த டப்பாவைக் குடுங்க" என்று கேட்டால், பையன் உள்ளே போய் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து எடுத்து வருகிறான்! டப்பா முழுக்க வெள்ளைப் பனி. உள்ளே மருந்து கட்டிக் கல். "நல்லா ஜில்லுனு இருக்கட்டும்னுதான்மா இதுல வெச்சேன்" என்கிறான் பாவம். அவனைத் திட்டி என்ன பயன்? தம்பி மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், வரவே கூடாதுன்னு" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையில் இருந்த பேனா ஊசியில் அன்றைய வேளைகளுக்கு மருந்து இருந்தது. மீதிக்கு என் வீட்டு ஃபிரிட்ஜ் இருந்தது. அது இல்லையென்றால் அன்று பகல் ரயிலிலேயே திரும்பியிருப்பார்கள்.

ஆகவே ஓட்டலில் மருந்து வைக்கச் சொல்கிறவர்கள், எந்தப் பெட்டியில், எந்தத் தட்டில் என்று கூடவே போய்ப் பாருங்கள். டப்பா மேல் 'மருந்து - உறையக் கூடாது' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள்.

இந்தக் கலாட்டாவில் இன்னொரு தப்பும் நடந்தது. பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய சுண்டலை எல்லாரும் மறந்துவிட்டோம்.

வாடகைக் காரில் சாத்தனூர் போனோம். கிளம்புமுன் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன். "அங்க ராட்டினம் கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது. ஒரே ஒரு மரம் படுத்திருக்கும்" என்றேன். இது ரொம்ப அவசியம். 1955-ல் அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் திறந்ததிலிருந்து 'பார்க்' என்றாலே குழந்தைகளுக்கு மனதில் வேறு படம். ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போனால் கால்மணியில் "போலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். மரத்தை அடியால் அளந்து சொல்கிறவர்களுக்குப் பரிசு என்றேன்.

அந்த மரத்தைப் பார்த்தவுடன் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வறண்ட பூமியில் ஒரு நீண்ட கல். அவ்வளவுதான். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் மரத்தின் நாரும் வரியும் கல்லுக்குள் அப்படியே இருப்பது தெரியும். 18 மீட்டருக்கு மேல் நீளம், வளர்ந்த தென்னையைப் படுக்கப் போட்ட மாதிரி. பத்துப் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன் நின்ற ஊசியிலை மரமாம். ஆற்று வெள்ளத்தில் அடித்து வந்து கடலடிச் சேற்றில் புதைந்திருக்கிறது. காற்றுப் படாததால் மக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த தாதுக்கள் மரத்தின் அணு அணுவாக ஊறி, மரம் இருந்த இடத்தில் கல்லாக உட்கார்ந்துகொண்டன. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் இதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். நிலவியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய டைரக்டர் ஆனவர் இவரே. பிறகு இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். வரகூர், ஆனைப்பாடிப் பக்கமும் இப்படித் துண்டுகள் கிடைக்கின்றன. கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்து எடுத்துத்தான் பாதி போய்விட்டது.

பயல் மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடி வைத்து அளக்கிறேன் என்று ஓடினான், வந்தான், மறுபடி ஓடினான். ஏழெட்டு தடவை இருக்கும். அப்புறம் ஓரமாய்ப் போய் உட்கார்ந்துவிட்டான். "என்னடா கண்ணு, பசிக்குதா?" என்றால், "ஒண்ணும் வேணாம் போ!" என்று சீறினான். எப்போதும் என்னிடம் அப்படிப் பேச மாட்டான். தொட்டுப் பார்த்தால் அந்தக் குளிர்காற்றிலும் கழுத்தெல்லாம் சில்லென்று வேர்வை. அவன் அம்மா ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தாள். 58!

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வைத்தாள். என் கை நடுங்கியது, அவள் கை நடுங்கவில்லை. கால்மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 84. அப்புறம் இரண்டு இட்லி. இந்த நேரத்தில் சாக்லேட் கொடுத்தால் அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் அல்லது வெறும் சர்க்கரைதான் சரி. அளவை உங்கள் டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஓடியாடும் நாளில் சர்க்கரை சீக்கிரம் இறங்கும் என்பதால் குளுக்கோஸ் பொட்டலம் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் இரண்டு மூன்று பேர் பையில் இருக்கட்டும்.

முகத்தில் ரத்தம் வந்ததும் பயல் எழுந்தான். "அத்தை, எண்ணிக்கை மறந்துபோச்சு. முதல்லேருந்து எண்ணணும்."

அவன் அம்மா போகவிடுவாளா என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். "நடந்து எண்ணு. ஓடாதே" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்ட ஓட்டலில் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். ஆர்டர் கொடுத்தவுடன் ஊசி போட்டுவிட்டால், சாப்பாடு வரத் தாமதமானால் ஆபத்து. இலையில் சோறு விழுந்த பிறகுதான் பேனாவை எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் முறைத்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

மறுநாள் வாரணவாசி அருங்காட்சியகம். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் வழியில், பழுவேட்டரையர் சீமைக்குப் போகிற பாதையில்! நம் மாநிலத்தில் அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. சிறுவாச்சூர் அம்மன் கோயிலோ திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள். இரண்டும் பார்க்க விரும்புகிறவர்கள் திங்கட்கிழமையாகப் பார்த்து வாருங்கள். எதற்கும் ஒரு போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட 'அம்மோனைட்' என்ற கடல் பிராணியின் ஓடு கல்லாகி இருக்கிறது. கணவாய்க்கு உறவு. நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே வகைதான் என்று சொன்னதும், முழங்கால் வலியோடு நின்ற தம்பியின் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்து, "டைனோசர் முட்டை!" என்று ஊரே திரண்டதே, அதுவும் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இதைக் கேட்டுப் பயலுக்கு ஏமாற்றம். "எங்க கிளாஸ்ல முட்டைன்னே சொல்லிக்கட்டுமா அத்தை?" என்றான்.

சாயங்காலம் கரைவெட்டி. 1999-லிருந்து பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே வருவதுண்டு. சாயங்கால வெயிலில் ஏரிக்கரையில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். நேரம் இருந்தால் கங்கைகொண்ட சோழபுரமும் பார்க்கலாம். எங்களுக்கு நேரமில்லை, பாட்டியின் முழங்காலுக்கும் தெம்பில்லை. இரண்டு நாளில் நாலு இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். போகிற வழியில் தண்ணீர் நிற்கும் பழைய சுண்ணாம்புக்கல் குழிகளைப் பார்த்து பிள்ளைகள் "இறங்கிப் பார்க்கலாமா?" என்பார்கள். கூடவே கூடாது. கரை சறுக்கும், ஆழம் தெரியாது.

ஊருக்குப் போன பிறகு பயல் தன் நோட்டை வகுப்பில் காட்டினானாம். கல்மரத்தின் படம், பக்கத்தில் 'என் அடியில் 81' என்று எழுதியிருக்கிறான். ஓரத்தில் '58, 84' என்று இரண்டு எண். டீச்சர் அது என்ன என்று கேட்டாராம். அவனே எல்லாருக்கும் விளக்கினானாம். அடுத்த வருஷச் சுற்றுலாவுக்குக் கூடவே அம்மாவும் வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது, கொல்லையில் என் மாமியார் கொத்தனாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுகிற மாதிரி கக்கூஸ் கட்ட எவ்வளவு ஆகும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைக்க வேண்டும் என்று. என்னைப் பார்த்ததும், "அடுத்த தடவை அந்தப் புள்ளையை லாட்ஜுல தங்க வெச்சுப் பாரு, அப்ப இருக்கு உனக்கு!" என்றார்கள்.